கடிக்காத மீன்

அலர்மேல்மங்கைத் தாயார் எழுந்தருளியிருக்கும் திருச்சானூரில் இருந்துகொண்டு கடல் மீன்பிடியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வூரின் அருகே மணற்படுகையாய்க் கிடந்து மழைக்காலத்தில் மட்டும் உயிர்பெற்று ஓடும் சுவர்ணமுகி நதி, காளஹஸ்தியைக் கடந்து சென்று வங்கக் கடலிலேதான் சங்கமமாகிறது. 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூரைச் சேர்ந்திருந்த சூளூர்ப்பேட்டைப் பக்கத்துக் கடற்கரையும், பழவேற்காட்டு ஏரியில் ஆந்திரத்துக்கு உரிய பாகமும், ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் நம்முடைய மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே வந்துவிட்டன. ஆகவே, கடல் நமக்கு அந்நிய விஷயம் என்று ஒதுக்குவதற்கு இனி நியாயமில்லை.

இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுதான். படகு ஓடிக்கொண்டிருக்கையில் அதன் பின்னால் தூண்டில் கயிறுகளை விட்டு, மெய்யிரையோ பொய்யிரையோ கட்டி இழுத்துக்கொண்டே மீன் பிடிக்கும் முறை உலகெங்கும் உண்டு. வலையை இழுப்பதோடு மயக்கிக்கொள்ளாதபடி இதனை இழுவைத் தூண்டில் என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். அண்மைக் காலத்தில் இந்தக் கயிற்றிலேயே, இரைக்குச் சற்று முன்னால், நீர் புகாத சிறு காமிராவைக் கட்டி, பின்னால் வரும் மீனின் நடத்தையைப் படமெடுக்கும் வழக்கம் மேனாடுகளில் பரவியிருக்கிறது. இதனால் மீன்பிடிக்கும், மீனைப் பற்றிய அறிவுக்கும் விளைந்தது என்ன? நம் கடல்களில் இதற்கு இடம் எங்கே உண்டு, எங்கே இல்லை?

முதலில் தூண்டிலைப் பற்றிச் சிறிது. தமிழகக் கடலோரத்தில் வஞ்சிரம், பாரை, சூரை, சீலா, மயில்மீன் முதலிய, பிற மீன்களைத் துரத்தித் தின்னும் வேகமான மீன்களே இம்முறைக்குப் பெரிதும் இலக்காகின்றன. வஞ்சிரத்தின் பற்கள் தங்கூசியை நொடியில் அறுத்துவிடுமாதலால் முள்ளுக்கு முன்னால் சிறிது தூரம் கம்பி சேர்ப்பார்கள். வலையில் சிக்கி மணிக்கணக்காய்க் கிடந்து நசுங்கிய மீனைக் காட்டிலும், தூண்டிலில் உயிரோடு ஏறி உடனே பனிக்கட்டியில் வைக்கப்பட்ட மீனுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்பதனால், எரிபொருள் செலவையும் பொறுத்துக்கொண்டு இத்தொழிலைச் செய்வோர் இருக்கிறார்கள். வேகம் இதில் பிரதானம்: வஞ்சிரத்துக்கு நிதானமாகவும் சூரைக்கும் மயில்மீனுக்கும் விரைவாகவும் இழுப்பது பொதுவழக்கம். படகு திரும்பும்போது வெளிப்புறக் கயிற்றின் இரை விரைந்து மேலெழும்ப, உட்புறத்து இரை தளர்ந்து கீழிறங்கும். அந்தத் திருப்பத்திலேதான் மீன் அடிக்கும் என்பது பழகிய சுக்கான்காரர் யாவருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கென்றே வளைந்து வளைந்து படகை ஓட்டுவோரும் உண்டு.

இந்தத் தொழிலாளியின் அறிவு முழுவதும் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால், நம் தார்க்கிகர்கள் பிரமாணங்களைப் பற்றிச் செய்த விசாரணை இங்கே எதிர்பாராத வகையில் உதவுகிறது. கடற்பறவைகள் ஓரிடத்தில் விழுந்தெழுவதைக் கொண்டு அங்கே சிறுமீன் கூட்டம் இருப்பதாகவும், சிறுமீன் மேலே துள்ளுவதைக் கொண்டு அடியில் பெருமீன் துரத்துவதாகவும், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் ஓடும் திசையையும் நீரின் நிறத்தையும் கொண்டு எந்தப் பாரின், அதாவது கடலடித் திட்டின், எந்த விளிம்பில் மீன் நிற்கும் என்பதையும் அவன் கொள்வது அனுமானம். பாட்டனும் தந்தையும் சொல்லிவைத்ததை நம்பிச் செல்வது ஆப்தவாக்கியம். கையில் பிடித்த கயிறு அதிர்வதும், மீன் மேலே வருவதும் மாத்திரமே பிரத்தியட்சம். திருவேங்கடத்தைச் சூழ்ந்த இப்பிரதேசத்தில் செல்வாக்குப் பெற்ற விசிஷ்டாத்வைத ஆசிரியர்கள் இந்த மூன்று பிரமாணங்களே போதும் என்று கொண்டவர்கள்.

ஆனால் பாட்ட மீமாம்சகர்களும் அத்வைதிகளும் ‘அனுபலப்தி’ என்று இன்னொன்றைத் தனிப் பிரமாணமாக ஒப்புக்கொண்டனர். தரையில் குடம் இல்லை என்ற ஞானம், குடம் காணப்படாமையினாலேயே உண்டாகிறது என்பது அவர்கள் கட்சி. அதற்கு அவர்கள் விதித்த நிபந்தனைதான் நமக்கு முக்கியம். குடம் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்ற நிலை இருக்கவேண்டும்; இருட்டறைக்குள் நின்றுகொண்டு, தெரியவில்லையாதலால் குடமே இல்லை எனச் சாதிப்பது செல்லாது. இழுவைத் தூண்டிலிலும் காலம் காலமாக நேர்ந்துவந்தது இந்த இருட்டறை வாதமே. ‘ஒன்றும் அடிக்கவில்லை, ஆகவே மீன் இல்லை’ என்று படகைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மீன் இருந்தும் அடிக்காமல் விட்டிருக்கலாம் என்பதை யாரும் மறுத்தாரில்லை. ஆனால் அதைக் காட்டுவதற்குச் சாதனம் ஒன்றும் இல்லாதிருந்தது. தூண்டிலும் வலையும் பிடிபட்ட மீனைப் பற்றியே பேசுகின்றன. கரையில் எண்ணப்படும் மீன்பிடிப் புள்ளிவிவரங்களின் அடிப்படையும் பிடிபட்ட மீனே. இரையைப் பார்த்தும் கடிக்காமல் திரும்பிய மீனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது காமிரா ஒன்றுதான் என்பதே இவ்வாராய்ச்சியில் நான் கண்ட முடிவு. அந்தச் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே மேலே வரும் விசாரணை.

நீருக்கடியில் படமெடுக்கும் கலை நாம் நினைப்பதைவிடப் பழையது. 1856இல் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்ஸன் என்பவர் ஒரு பெட்டிக்குள் காமிராவை வைத்துப் படகிலிருந்து கயிற்றில் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தும், கடலடித் தரையின் மங்கலான பிம்பம் ஒன்று தகட்டில் பதிந்தது. ஆக, மனிதன் தான் மூழ்காமல் கண்ணை மட்டும் நீருக்குள் அனுப்பும் யோசனை தொடக்கத்திலேயே உதித்துவிட்டது. பிரான்ஸின் பான்யூல் கடற்கரை ஆராய்ச்சிசாலையில் 1893 முதல் லூயி பூட்டான் முக்குளிப்பு உடை அணிந்து தாமே இறங்கிப் படமெடுத்தார். 1926இல் அமெரிக்காவின் ட்ரை டோர்ட்டுகாஸ் தீவுகளருகே லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர், மிதவையின் மேல் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி உண்டாக்கிய பேரொளியில் எடுத்த மீனின் வர்ணப் படம் மறு ஆண்டு ஜனவரியில் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையில் வெளியாயிற்று. மீனைப் படமெடுக்க வெடிமருந்தோடு விளையாடவேண்டியிருந்த காலம் அது! பிறகு பிரெஞ்சு முக்குளிப்பாளர் குஸ்தோவும் அவர் கூட்டத்தாரும், அவர்களுக்கென வடிவமைத்த காமிராவிலிருந்து 1963இல் பிறந்த நிக்கோனாஸும் இக்கலையைச் சாமானியர் கைக்கு அருகே கொண்டுவந்தனர்.

நம் பக்கத்து நீரில் இந்தக் கண் திறந்த வரலாறும் சுவையானது. 1950களில் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்ஸனும் இலங்கையில் தங்கி முக்குளித்தபோது, திருகோணமலையின் சுவாமிமலைப் பாறையடியில், பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்றூண்கள் கடலுக்குள் கிடப்பதைக் கண்டனர். 1957இல் வெளியான கிளார்க்கின் ‘தி ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்’ நூலில் அக்காட்சிகள் இடம்பெற்றன. பவளப்பாரையும் மீனையும் தேடிப் போனவர்களுக்குப் பாடல்பெற்ற ஸ்தலம் ஒன்றின் சிதைவு அகப்பட்டது.

தூத்துக்குடியில் நடந்தது அதனினும் நம் விஷயத்துக்கு நெருங்கியது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் சிப்பி விளைந்திருக்கிறதா என்பதை, குளிகாரர்கள் மூச்சடக்கி மூழ்கி அள்ளிவரும் மாதிரிகளை எண்ணித்தான் சர்க்கார் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்தது. சென்னை மாகாண மீன்துறையில் ஜேம்ஸ் ஹார்னல் போன்ற சாஸ்திரக்ஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தும், எந்த ஆண்டு சிப்பி இருக்கும், எந்த ஆண்டு மாயமாய் மறையும் என்பது புதிராகவே நின்றது. 1961க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. அந்தக் காலத்தில்தான், 1947இல் ஸ்தாபிக்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் முதுகில் காற்றுக் குடுவை கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு அப்பால் முத்துப்பார்களிலும் சங்குப்படுகைகளிலும் இறங்கி, தரையின் இயல்பையும் அங்கு வாழும் உயிர்களையும் நேரே கண்டு, 1960களில் தொடர் கட்டுரைகளாக எழுதினார்கள். அள்ளிவந்த சிப்பியை எண்ணுவதற்கும், அள்ளப்படாமல் கிடப்பதைக் காண்பதற்கும் உள்ள தாரதம்மியத்தை இந்தியாவில் முதலில் அனுபவித்தவர்களில் இவ்விருவரையும் சேர்க்கவேண்டும். அவர்களுடைய கட்டுரைகளை இன்று தேடிப் படிப்போர் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

இனிக் கயிற்றில் கட்டும் காமிராவுக்கு வருவோம். வட அமெரிக்காவின் பேரேரிகளில் சால்மன், டிரவுட் மீன்களுக்காகக் கனமான குண்டைக் கட்டி ஆழத்தில் இரையை இழுப்பவர்களே இதில் முன்னோடிகள். முதலில் காமிராவைக் குண்டோடு பிணைத்து, நீண்ட கம்பிவடம் மூலம் படகிலிருந்த திரையில் பார்த்தார்கள். கோப்ரோ போன்ற உள்ளங்கைக் காமிராக்களும், ‘வாட்டர் வுல்ஃப்’ என்ற பெயரில் டார்பிடோ உருவில் கயிற்றிலேயே கோக்கத்தக்க காமிராவும் வந்தபின், யாரும் சுலபமாகச் செய்யக்கூடியதாயிற்று. வானொலி அலைகள் நீரில் உடனே உறிஞ்சப்பட்டுவிடுவதால், வடம் இல்லாவிட்டால் நேரே பார்க்க வழியில்லை. கரைக்கு வந்தபின் போட்டுப் பார்க்கவேண்டியதுதான். நீரின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுமாதலால், மெதுவாக இழுக்கையில் அமைதியாய் இருந்த காமிரா, சூரைக்குரிய வேகத்தில் துள்ளிச் சுழலும். படகின் விசிறி கிளப்பும் நுரையும் கண்ணை மறைக்கும். பத்து மீட்டருக்கு ஒரு வாயுமண்டல அழுத்தம் வீதம் கூடிக்கொண்டே போவதையும் உறை தாங்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகு தெரிந்தது என்ன? இரையைப் பின்தொடர்ந்து வரும் மீன்களில் அடிப்பவை சிலவே என்பது, இவ்வாறு படமெடுத்தோர் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி. மீன் இரையின் பின்னே நெருங்கி வருகிறது. பக்கவாட்டில் ஒதுங்கி நோக்குகிறது. சில சமயம் வாயால் முட்டிப் பார்க்கிறது. பிறகு காரணம் ஏதுமின்றித் திரும்பிப் போய்விடுகிறது. படகு திரும்பினாலோ, வேகம் சட்டென்று மாறினாலோ, அதுவரை சோம்பிப் பின்வந்த மீன் பாய்ந்து கவ்வுகிறது. சுக்கான்காரர் அனுமானத்தால் அறிந்திருந்தது இங்கே பிரத்தியட்சமாக நிரூபணமாகிறது. மீன் இரையை வாயில் வாங்கி உமிழ்ந்துவிட்டும் கயிற்றில் ஓர் அசைவும் தெரியாமற்போவதுண்டு என்பதும் தெரிந்தது. இது முற்றிலும் புதிய செய்தியன்று, 1973இல் அமெரிக்கரான கிளென் லாவ் எடுத்த ‘பிக்மவுத்’ என்ற படம் நன்னீர் மீன் ஒன்றைப் பற்றி இதையே காட்டியிருந்தது. இரை செல்லும் ஆழத்தைப் பற்றிய தப்பெண்ணங்களும் அம்பலமாயின: தாம் நினைத்த ஆழத்துக்கு வெகு மேலே தம் இரை மிதந்து வந்ததைப் பார்த்து வெட்கினவர்கள் பலர் இருக்கவேண்டும்.

நிறத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடுவதால், சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு இரை சாம்பலும் கறுப்புமாய் மாறிவிடுகிறது. காமிராவோ தானாக நிறத்தைத் திருத்திக் காட்டும் சாதுரியம் உடையது. கரையில் அமர்ந்து படத்தைப் பார்ப்பவன் அங்கே பளிச்சென்று தெரியும் சிவப்பைக் கண்டு ‘மீனை இழுத்தது இந்த நிறம்’ என்று முடிவு கட்டினால், மீனின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காரணமாகக் கற்பித்தவன் ஆவான். தட்டைக் கண்ணாடி வழியே நீருக்குள் நோக்குகையில் பொருள் உண்மையான தூரத்தில் முக்காற்பங்கே உள்ளதுபோல் தோன்றும் ஒளிமுறிவையும் கணக்கில் கொள்ளவேண்டும். படத்தில் பெரிதாகத் தெரிந்த வஞ்சிரம் கைக்கு வரும்போது சிறுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம், மீன்பிடிப்போரின் இயல்பான மிகைக்கூற்று மற்றொரு காரணம். பளபளக்கும் காமிராவே மீனைக் கவரவோ மிரட்டவோ கூடும். முள்ளில்லாத கவர்ச்சிப் பொருள்களைக் கூடவே இழுப்பது விளையாட்டு மீன்பிடியில் பழைய தந்திரமாதலால், காமிரா கட்டிய கயிற்றில் மீன் அடித்தால் புகழ் யாருக்குச் சேரவேண்டும் என்பது தீராத வழக்கு.

விளையாட்டுக்காரர் கையில் இது இவ்வளவில் நின்றுவிட, வலையைப் பற்றிய ஆராய்ச்சியில் காமிரா செய்த உபகாரம் பெரிது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் கடல் ஆராய்ச்சிசாலையில் 1970களிலும் 1980களிலும் வார்டில் முதலியோர், இழுவலையோடு கூடவே செல்லும் ஊர்தியில் தொலைக்காட்சிக் காமிராவை அமைத்து, வலையின் வாயருகே மீன் என்ன செய்கிறது என்று பார்த்தனர். வலை ஓடி மீனை அள்ளுகிறது என்று எண்ணியிருந்த உலகத்துக்கு அவர்கள் காட்டியது வேறு. வலைவாயை விரித்துப் பிடிக்கும் பலகைகள் கிளப்பும் மண்புகையைக் கண்டு ஒதுங்கிய மீன்கள் வலைவாயின் முன்னே கூடி, வலையின் வேகத்துக்குச் சரியாகத் தாமும் முன்னோக்கி நீந்திக்கொண்டே வருகின்றன. களைத்தபின்தான் பின்தங்கி உள்ளே விழுகின்றன. அவ்வாறு விழும்போது ஹாடக் என்னும் மீன் மேலெழும்புகிறது, காட் என்னும் மீன் அடியிலேயே தங்குகிறது. இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு, வலையை நடுவே தடுத்து இரண்டையும் பிரிக்கவும், வேண்டாத குஞ்சுகளை வெளியேவிடும் சதுரக் கண்ணியைத் தக்க இடத்தில் வைக்கவும் வழி பிறந்தது. இன்னும் பரந்த முறையில், இரையைக் கட்டிய காமிராக்களைப் பவளப்பார்களில் இறக்கிச் சுறாக்களை எண்ணும் சர்வதேச முயற்சி ஒன்று, 58 நாடுகளில் 371 பார்களை ஆராய்ந்து 2020இல் தன் முடிவை வெளியிட்டது: ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பார்களில் சுறாவே தென்படவில்லை. இருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிபந்தனையை நிறைவேற்றுவதற்காகவே ஒரே பாரில் பலமுறை காமிராவை இறக்கினார்கள். மீமாம்சகர் இதைப் பார்த்திருந்தால் மறுத்திருக்கமாட்டார்.

அந்த நிபந்தனைதான் நம் கடற்கரையில் இடிக்கிறது. கிருஷ்ணா, பெண்ணை, சுவர்ணமுகி முதலிய நதிகளின் வண்டலை வாங்கிக்கொள்ளும் வடசோழமண்டலக் கரையோர நீர், ஐப்பசி கார்த்திகை மழையில் செங்கலங்கலாகிவிடுகிறது. பழவேற்காட்டு ஏரியோ ஆழமற்று, காற்றடித்தால் அடிச்சேறு மேலெழும் தன்மையது. இத்தகைய நீரில் காமிரா காட்டுவது பச்சையும் பழுப்புமான மூடுபனியையே. அங்கே மீன் தெரியாததைக் கொண்டு மீன் இல்லை எனலாகாது; கலங்கல் நீரில் மீன் கண்ணைவிட உடலின் பக்கக்கோட்டு உணர்ச்சியையும் மோப்பத்தையும் நம்பி நடமாடுகிறது, நாமோ அதற்குப் பயன்படாத கண்ணைக் கட்டி இழுக்கிறோம். பாக் நீரிணையும் பெரும்பகுதி இதே இனம். மன்னார் வளைகுடாவில் கடல் அமைந்திருக்கும் மாசி பங்குனி மாதங்களில்தான் முன்னாளில் முத்துக்குளிப்பே நடந்தது என்பதை நினைத்தால், காமிராவுக்கும் அதுவே பருவம் என்பது விளங்கும். உண்மையில் இக்கருவிக்கென்றே அமைந்ததுபோன்ற நீர் இலட்சத்தீவுகளில்தான் உண்டு. ஆனால் மினிக்காய்த் தீவார் மாசிக் கருவாட்டுக்குரிய சூரையை உயிரிரை வீசிக் கூட்டி, நின்ற இடத்திலேயே கழியால் தூக்குகிறார்கள், கண்ணெதிரே கொதிக்கும் மீன்கூட்டத்தைப் பார்க்க அவர்களுக்குக் காமிரா வேண்டியதில்லை.

காமிரா வாங்குமுன் செய்யத்தக்க மலிவான பரீட்சை ஒன்று உண்டு. 1865இல் போப்பாண்டவரின் கப்பலில் சென்ற செக்கி என்னும் பாதிரியார், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். ஒரு பழைய தட்டும் முழம் போட்ட கயிறும் உள்ள எந்தப் படகுக்காரரும் இதைச் செய்யலாம். தட்டு இரண்டு மூன்று பாகத்துக்குள் மறைந்துவிடும் நாளில் காமிராவைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நன்று.

நம் மாவட்டம் மீனவருக்கு அளித்துள்ள கண் வேறு வகையானது. அது மேலிருந்து பார்க்கிறது. கடலின் நிறத்தை அளக்கும் ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1999இலும் 2009இலும், மூன்றாவதாக 2022 நவம்பர் 26ஆம் நாளும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்டன. நுண்பாசியின் பச்சையத்தையும் மேல்நீரின் உஷ்ணத்தையும் இத்தகைய செயற்கைக்கோள்களின் வாயிலாக அறிந்து, மீன் கூடக்கூடிய பகுதிகளை ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல்தகவல் நிலையம் கரையோர மக்களுக்கு அறிவிக்கிறது. இதுவும் அனுமானமே: பாசி இருக்கும் இடத்தில் அதைத் தின்னும் சிற்றுயிரும், அதைத் தின்னும் சிறுமீனும், அதைத் துரத்தும் வஞ்சிரமும் இருக்கும் என்ற சங்கிலித் தொடர். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, அதாவது அங்கே போன படகின் இரையை மீன் ஏற்றதா, கண்டும் ஒதுக்கியதா என்பது, விண்ணிலிருந்து தெரிய வழியில்லை. அறிவித்த இடத்தில் மீன் கிடைக்கவில்லை என்று மீனவர் குறைபடும்போது, அறிவிப்புப் பிழையா, தூண்டில் பிழையா என்று தீர்ப்பதற்கு, தெளிநீர்ப் பருவத்தில் சில ஆராய்ச்சிப் படகுகளிலேனும் கயிற்றில் காமிரா கட்டிச் சோதிப்பது மிகப் பொருத்தமான பயன் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையம் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் காமிரா ஊர்தியையே இயற்றியிருக்கையில், இருபது மீட்டர் ஆழத்து வஞ்சிரத்தைப் பார்ப்பது நம் சாஸ்திரக்ஞர்களுக்கு இயலாத காரியமன்று.

மீனவர் பக்கத்து ஆட்சேபம் ஒன்றையும் அலட்சியம் செய்யலாகாது. கரையிலுள்ள கோயிற்கோபுரம், மலைமுகடு, பனைத்தோப்பு இவற்றை இரண்டிரண்டாக நேர்படுத்திக் கணியம் பார்த்துப் பாரின் இடத்தைக் குறித்துக்கொள்வதும், அதைக் குடும்பத்துக்குள்ளேயே காப்பதும் தென்கடற்கரையின் நெடுநாள் மரபு. இன்றைய காமிராவோ, உடனிருக்கும் கைபேசியோ, படத்தோடு இடத்தையும் நேரத்தையும் தானே குறித்துவைக்கிறது. நல்ல மீன் விழுந்த படத்தை ஆசையாய் நாலு பேருக்கு அனுப்பினால், பாட்டன் வழி வந்த பார் மறுவாரமே பத்துப் படகுகளின் பொதுச்சொத்தாகிவிடும். மன்னார் வளைகுடாவில் 1986இல் ஏற்பட்ட தேசியக் கடற்பூங்காவின் எல்லைக்கு அருகே தொழில் செய்பவருக்கோ, அந்தக் குறிப்பு தமக்கே எதிரான அத்தாட்சியாகவும் திரும்பக்கூடும். ஆராய்ச்சியாளர் மீனவரிடம் படம் கேட்பதானால், இடக்குறிப்பை நீக்கிவிட்டு அகன்ற கட்டமொன்றின் எண்ணை மட்டும் பதிந்து வாங்குவதும், படத்தின் மூலப்பிரதியைப் படகுக்காரரிடமே விட்டுவைப்பதும் முதலில் எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டிய ஷரத்துக்கள்.